மனை வாங்குவதில் புதியவரும் பழகியவரும்: ஆரணியிலிருந்து ஒரு குறிப்பு

ஆரணியில் எந்த டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றாலும் மூன்று பேச்சு காதில் விழும். பட்டு விலை, நெல் விலை, மனை விலை. முதல் இரண்டும் ஊருக்குச் சோறு போடும் தொழில். மூன்றாவது அந்தத் தொழிலில் மிச்சம் பிடித்த காசு போய் உட்காரும் இடம். 2022ல் மாதாமாதம் பெரிய வட்டி தருவதாகச் சொன்ன நிறுவனங்கள் நம் வட மாவட்டங்களில் சரிந்து விழுந்த பிறகு, "மண்ணு எங்கேயும் ஓடிப் போகாது" என்ற வாக்கியத்தை முன்பைவிட அதிகமாகக் கேட்கிறேன்.

மண் ஓடாது, சரி. ஆனால் அதில் போட்ட பணம் வேண்டும்போது திரும்பி வருமா என்பது வேறு கேள்வி. சில வருஷமாக ஊருக்கு வரும்போதெல்லாம் மனை வாங்கியவர்களிடம் ஒரே விஷயத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வருகிறேன்: வாங்கும் முன் என்ன யோசித்தீர்கள்? முதல் மனை வாங்கியவர்களும், நாலைந்து மனை வாங்கி விற்றுப் பழகியவர்களும் சொல்லும் பதில்கள் ஒரே மாதிரி இல்லை. புதியவரின் திட்டம் "எவ்வளவு ஏறும்?" என்று ஆரம்பிக்கிறது. பழகியவரின் திட்டம் "ஏறாவிட்டால் எவ்வளவு நாள் தாங்குவேன், எப்படி வெளியே வருவேன்?" என்று ஆரம்பிக்கிறது. மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் எண்ணம். அதை ஆரணி உதாரணங்களோடு விளக்கிப் பார்க்கிறேன்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

மனை பற்றி நேரடியாக இல்லை. தொழில் தொடங்குபவர்கள் பற்றி ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. சரஸ் சரஸ்வதி என்ற இந்திய வம்சாவளி ஆய்வாளர், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனின் வழிகாட்டலில் செய்தது. அனுபவம் முற்றிய 27 தொழில்முனைவோருக்கு ஒரு கற்பனைத் தொழிலைக் கொடுத்து, முடிவெடுக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். பிறகு அதே கணக்கை 37 எம்பிஏ மாணவர்களுக்கும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீடு 2009ல் வெளியானது.

மாணவர்கள் சந்தை மதிப்பீட்டை அப்படியே நம்பி, அதை வைத்து லாபக் கணக்குப் போட்டார்கள். அனுபவசாலிகள் பலர் அந்த மதிப்பீட்டையே சந்தேகப்பட்டார்கள். "இதில் அதிகபட்சம் எவ்வளவு போனால் எனக்குத் தாங்கும்?" என்று முதலில் எல்லை போட்டுக்கொண்டார்கள். இதைத் தாங்கக்கூடிய நஷ்டம் என்று சரஸ்வதி குறிப்பிடுகிறார். எதிர்காலத்தைச் சரியாகக் கணிப்பதல்ல அவர்கள் திறமை. கணிப்பு தப்பினாலும் முறியாத மாதிரி அமைத்துக்கொள்வதுதான். நாங்கள் சாஃப்ட்வேர் ரிலீஸ் பண்ணும்போது, கோளாறு வந்தால் பழையபடி திரும்ப வழி இருக்கா என்று முதலில் பார்ப்போம். கிட்டத்தட்ட அதே புத்திதான்.

ரயில் வரப்போகுது சார்!

இதற்கு ஆரணியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. திண்டிவனம்–நகரி புதிய ரயில் பாதை, வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாகப் போகும் சுமார் 180 கிலோமீட்டர் திட்டம். 2006-07ல் ஒப்புதல் கிடைத்தது. இதை எழுதும் இன்றைக்கும் ஆரணி ஊருக்குள் ரயில் வரவில்லை. 'ஆரணி ரோடு' என்ற பெயரில் இருக்கும் ஸ்டேஷன் ஊரைத் தாண்டி களம்பூரில்தான் இருக்கிறது.

ஒப்புதல் கிடைத்த வருஷம் பிறந்த பிள்ளை இன்று கல்லூரியில் படிக்கிறது. அந்தக் காலம் முழுக்க "ஸ்டேஷன் இங்கதான் வருது" என்று சொல்லி மனை விற்றபடியே இருக்கிறார்கள். செய்யாறு சிப்காட் பெயரையும் இதே மாதிரி சொல்வார்கள். அது இருப்பது செய்யாறிலிருந்து காஞ்சிபுரம் போகும் பக்கம். ஆரணி பக்கம் இல்லை. 2022ல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததும் பட்டியலில் அதுவும் சேர்ந்துகொண்டது.

புதியவர் இந்தச் செய்தியைத் திட்டத்தின் அஸ்திவாரமாக வைக்கிறார். ரயில் வந்தால் விலை ஏறும், ஏறினால் விற்று மகள் கல்யாணம் நடத்தலாம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். கீழே உள்ள ஒன்று நகர்ந்தால் எல்லாம் சரியும். பழகியவர் அதே செய்தியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "ரயில் வரலைன்னா இந்த மனை என்ன விலை?" என்று கேட்பார். அந்த விலைக்குக் கட்டுப்படியானால் வாங்குவார். ரயில் வந்தால் அது அவருக்குப் போனஸ்.

திட்டம் போடுகிறவர்கள் காலத்தையும் செலவையும் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்று கானெமன், ட்வெர்ஸ்கி இருவரும் 1979லேயே எழுதினார்கள். அதற்கு அவர்கள் சொன்ன மருந்து எளிது. உன் திட்டத்தின் உள்ளேயே நின்று பார்க்காதே. இதே மாதிரி மற்றவர்களின் திட்டங்களுக்கு என்ன ஆச்சு என்று வெளியே நின்று பார். ஆரணியில் வெளியே நின்று பார்க்க இருபது வருஷ ரயில் கதையே போதும்.

"எட்டு வருஷத்துல ரெண்டு மடங்கு"

இனி கணக்கு. இது என் உதாரணக் கணக்கு, ஊர் நிலவரம் அல்ல. 1,200 சதுர அடி மனை, சதுர அடி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை 8,40,000. இந்த விலைக்கே பத்திரம் போட்டால், தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 75,600. பத்திரம் எழுத, பட்டா மாற்ற, வக்கீல் பார்க்க என்று ஒரு 20,400. மொத்தம் 9,36,000 கையை விட்டுப் போகிறது. (2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வீட்டம்மா பெயரில் வாங்கினால் இங்கே 8,400 மிச்சம்.)

புரோக்கர் சொன்னபடியே எட்டு வருஷத்தில் விலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது, 16,80,000 என்று கொள்வோம். விற்கும்போது 2 சதவீதம் கமிஷன் 33,600. லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், செஸ் சேர்த்து சுமார் 92,000. (வேறு வருமானம் குறைவாக உள்ளவருக்கு இது குறையலாம்.) கையில் நிற்பது சுமார் 15,54,000. போட்டது 9,36,000. ஆண்டுக்கு எவ்வளவு வளர்ச்சி? சுமார் 6.5 சதவீதம்.

"ரெண்டு மடங்கு" என்று கேட்கும்போது இருந்த கிறுகிறுப்பு இந்த எண்ணைப் பார்த்ததும் இறங்கிவிடும். இதுவும் புரோக்கர் வாக்கு அப்படியே பலித்தால்தான். இரண்டு மடங்காக 12 வருஷம் ஆனால் 4.3 சதவீதம். 15 வருஷம் ஆனால் 3.4 சதவீதம். நடுவில் காலிமனை வரி, முள் வெட்டும் செலவு, பக்கத்து மனைக்காரர் நகர்த்திய கல்லைத் திரும்ப நட சர்வேயருக்கு அலையும் செலவு, இதெல்லாம் நான் சேர்க்கவே இல்லை.

கடன் வாங்கி வாங்கினால்? நம் ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். குறைந்த பணத்துக்கு மூன்று லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கினால் வருஷ வட்டி 72,000. அதாவது அந்த மனை வருஷம் எட்டரை சதவீதம் ஏறினால் வட்டிக்கு மட்டும் சரியாகும். உங்களுக்கு ஒரு பைசா மிஞ்சாது.

பழகியவர்கள் இதைக் காகிதத்தில் போட மாட்டார்கள், மனசிலேயே போட்டுவிடுவார்கள். அதனால்தான் வாங்கும் விலையில் அவ்வளவு அடித்துப் பேசுகிறார்கள். விற்கும் விலை சந்தை கையில் இருக்கிறது; வாங்கும் விலை மட்டும்தான் அவர்கள் கையில்.

2016 சொல்லிக் கொடுத்த பாடம்

வெளியே வரும் வழி என்று எதைச் சொல்கிறேன்? 2016ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. நவம்பர் 8ஆம் தேதி பணமதிப்பிழப்பு. இரண்டே மாதத்தில், பதிய முடியாத மனையும் கையில் ரொக்கம் இல்லாத ஆளுமாகச் சந்தை நின்றுவிட்டது.

அதுவரை "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்ற வார்த்தையை நம்பி வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மனை இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, வாங்க ஆள்கூட இருக்கிறார், ஆனால் விற்க முடியாது. 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் மனையாகப் பதிவானவற்றுக்கு வழி பிறந்தது. அதற்கும் கட்டணம், அலைச்சல், மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்த மாதங்களில் ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ பணம் தேவைப்பட்டவர் என்ன செய்திருப்பார்? மனையை வைத்துக்கொண்டே வட்டிக்கு வாங்கியிருப்பார்.

டிடிசிபி அங்கீகாரம் உள்ள மனைக்கு அன்றைக்கு விலை அதிகம். புதியவர் அதை "வீண் செலவு" என்றார். பழகியவர் அதை விற்கும் உரிமைக்குக் கொடுக்கும் விலையாகப் பார்த்தார். தடை வந்தபோது அங்கீகாரம் பெற்ற மனை பதிவாகிக்கொண்டுதான் இருந்தது.

காகிதத்தைப் படிக்கும் வரிசை

புதியவர் மனையைப் பார்த்து, பிடித்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு "டாக்குமெண்ட் செராக்ஸ் குடுங்க" என்பார். அந்த நேரத்தில் குறை தெரிந்தாலும் மனசு ஒப்பாது. கொடுத்த பணம் கையைக் கட்டிப் போடும். பழகியவர் காகிதத்தை முதலில் கேட்பார். அவர் பார்ப்பவை:

வில்லங்கச் சான்றிதழ். முப்பது வருஷத்துக்குக் குறையாமல் போட்டுப் பார்ப்பார். அதோடு, ஈசியில் வருவது பதிவான பரிவர்த்தனை மட்டும்தான் என்பதும் அவருக்குத் தெரியும். பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, இறந்தவரின் வாரிசுகள் எதுவும் அதில் வராது. நம் நாட்டில் பதிவுத்துறை பத்திரத்தைப் பதிகிறது. "இவர்தான் உரிமையாளர்" என்று உத்தரவாதம் கொடுப்பதில்லை.

வாரிசு. பூர்வீகச் சொத்து என்றால் அக்கா, தங்கை கையெழுத்து இருக்கா என்பது அவரது முதல் கேள்வி. தமிழ்நாட்டில் 1989 திருத்தமும், பிறகு 2005ல் மத்தியத் திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சமபங்கு கொடுத்தன. தந்தை 2005ல் உயிரோடு இருந்தாரா என்பதைப் பொறுத்ததல்ல அந்த உரிமை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "அண்ணன் தம்பி எல்லாம் போட்டாச்சு சார்" என்ற பதில் போதாது.

நிலத்தின் பழைய வகை. கோயில் நிலமா, ஏரிப் புறம்போக்கா, நீர்வழியா? ஆரணி ஜாகீராக இருந்த ஊர். சுற்றிலும் ஏரிகளும் கோயில் நிலங்களும் உண்டு. புல வரைபடத்தையும் வருவாய்ப் பதிவேட்டையும் பார்க்காமல், நட்டிருக்கும் வண்ணக் கல்லை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

ரெரா எண். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பதிவு செய்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். மாதத் தவணைத் திட்டத்தில் சேருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடைசித் தவணை கட்டும்வரை நிலம் விற்பவர் பெயரில்தான் இருக்கும். நடுவில் அவர் அதை அடமானம் வைத்தால் உங்கள் தவணை அட்டை எதையும் தடுக்காது.

நாளைக்கு இதை யார் வாங்குவார்?

பட்டு வியாபாரம் பார்க்கும் ஒரு பெரியவர், மனை வாங்குவதிலும் பழகியவர், கிட்டத்தட்ட இப்படிச் சொன்னார்: வாங்குற அன்னைக்கே இதை எவன் தலையில கட்டுவோம்னு இல்ல தம்பி, எவன் இங்க வீடு கட்டிக் குடி வருவான்னு பாப்பேன். முதலீட்டாளருக்கு முதலீட்டாளர் கைமாற்றும் மனையில், கடைசியில் வாங்குபவர் மாட்டிக்கொள்வார். குடியிருக்க வருபவர் வாங்கும் மனைக்கு மந்த காலத்திலும் ஓர் அடிவிலை உண்டு.

ஆரணியில் அந்தக் குடியிருப்பவர் யார்? பல வீடுகளுக்குத் தறியோடு சம்பந்தம் உண்டு. குழித்தறி போடுபவருக்குத் தாழ்வான மனை உதவாது. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறும். கூடம் நீளமாக வர வேண்டும். வாசலில் பாவு நீட்டத் தெரு நேராக, அகலமாக இருந்தால் நல்லது. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பஸ்ஸும் பக்கத்தில் வேண்டும். இந்தக் கண்ணோடு பார்த்தால், பைபாஸ் ஓரத்தில் கொடி கட்டிய மனையைவிட ஊரை ஒட்டி மேடாக இருக்கும் சின்ன மனை மேல் என்று தெரியும். புதியவர் வரைபடத்தில் நுழைவு வளைவும் பூங்காவும் பார்க்கிறார். பழகியவர் ஐப்பசி மழையில் ஒருமுறை போய் நிலத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கிறார்.

பழகியவரைக் காப்பியடிக்க முடியாது

பழகியவர்களின் பேச்சைக் கேட்கும்போது எனக்குத் தோன்றிய முக்கியமான விஷயம் இது. அவர்களும் தப்பு பண்ணுகிறார்கள். ஒரு மனை வழக்கில் மாட்டும், ஒன்று பத்து வருஷம் விலை போகாது. ஆனால் கையில் ஐந்தாறு இருக்கும்போது ஒன்று தூங்கினாலும் குடும்பம் ஓடும். "பொறுத்தவன் பூமி ஆள்வான், வாங்கிப் போட்டுட்டுச் சும்மா இரு" என்று அவர் சொல்வது அவர் வரையில் உண்மை. அவரால் சும்மா இருக்க முடியும்.

ஒரே மனை வாங்கும் நெசவாளர் குடும்பத்தால் முடியுமா? பட்டு நூல் விலை ஏறினால் முதலாளி பாவு கொடுப்பதைக் குறைப்பார். தறி சும்மா கிடக்கும், கூலி நிற்கும். அடைமழையில் தெருவில் பாவு போட முடியாது. கண் பார்வை மங்கும் வயசில் வேலை வேகம் குறையும். வருமானம் இப்படி விட்டு விட்டு வரும் வீட்டில், மொத்தச் சேமிப்பையும் பல வருஷம் எடுக்க முடியாத இடத்தில் வைத்தால் என்ன ஆகும்? அவசரத்துக்கு விற்க வேண்டி வரும். அவசரத்துக்கு விற்பவனின் முகத்தைப் பார்த்தே விலை குறைப்பார்கள். அப்படி விற்கும் மனையை வாங்குபவர் யார் தெரியுமா? பெரும்பாலும் அந்தப் பழகியவர்தான். அவர் லாபத்தில் ஒரு பகுதி புதியவரின் அவசரத்திலிருந்து வருகிறது.

ஆகவே, புதியவருக்குத்தான் கறாரான திட்டம் தேவை. பழகியவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவரது தைரியத்தையோ பொறுமையையோ இல்லை. அவர் கேள்வி கேட்கும் வரிசையை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நோட்டில் இவற்றுக்குப் பதில் எழுதச் சொல்வேன்:

1. ஒரு வருஷக் குடும்பச் செலவு, தறிச் செலவு இரண்டும் மனைக்குப் போகாமல் தனியாக இருக்கிறதா?
2. பத்து வருஷத்துக்கு இந்தப் பணம் வராவிட்டால் எந்தக் காரியம் நிற்கும்? மகள் படிப்பா, கல்யாணமா, கடனா?
3. புரோக்கர் சொன்ன ரயில், ரோடு, கம்பெனி எதுவும் வரவில்லை என்றால் இந்த விலை நியாயமா?
4. செலவும் வரியும் போக வருஷத்துக்கு எத்தனை சதவீதம்? பேங்க் டெபாசிட்டைவிட எவ்வளவு அதிகம்?
5. பக்கத்து மனைகள் கடைசியாக எப்போது, என்ன விலைக்குக் கைமாறின? (ஈசியில் பாருங்கள், வாய்ப்பேச்சில் வேண்டாம்.)
6. இதில் வீடு கட்டிக் குடிவரப் போகும் ஆள் யார்?
7. எந்தக் குறை தெரிந்தால் வாங்காமல் எழுந்து வந்துவிடுவேன்?

ஏழாவதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. மனையைப் பார்த்துப் பிடித்துப்போன பிறகு எழுதினால், அந்தப் பதில் தானாக வளைந்துகொடுக்கும். முதல் கேள்விக்கு "இல்லை" என்ற பதில் வந்தால் மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம். நூல் விலை ஏறி, பாவு வராமல் தறி நிற்கும் ஒரு மழைக்காலத்தைக் கடன் வாங்காமல் கடக்கக் கையில் பணம் இருப்பதுதான் அந்த வீட்டுக்கு முதல் சொத்து. மனை அதற்கு அப்புறம்.